எல்லாப் பெட்டியும் மோடம் இல்லை

போன ஐப்பசி மழையில் கருங்கல் பக்கத்தில் இருக்கும் சித்தி வீட்டில் நெட் நின்றுபோனது. சித்தியின் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். ராத்திரி எட்டரை மணிக்கு வீடியோவில் வருவான். அந்த நேரத்துக்குச் சித்தி வேறு எந்த வேலையும் வைத்துக்கொள்ள மாட்டார். மூன்று நாள் மகனுடைய முகம் பார்க்காமல் போனதும், பொறுக்க முடியாமல் மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறிப்போய்ப் புது மோடம் ஒன்று வாங்கி வந்துவிட்டார். இரண்டாயிரத்துக்கு மேல் பில். பக்கத்து வீட்டுப் பையன் வயரையெல்லாம் மாற்றிச் செருகிக் கொடுத்தான். நெட் வரவில்லை. அதற்கப்புறம்தான் என்னை விளித்தார்.

"மக்கா, புது மோடமும் கேடுன்னு தோணுது. நீ ஒண்ணு வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். சுவரில் ஒன்று, அலமாரிக்கு மேலே ஒன்று, மாடிப்படி ஓரத்தில் ஒன்று என்று மூன்று பெட்டிகள். மூன்றுக்கும் அந்த வீட்டில் மோடம் என்றே பெயர். சித்தி வாங்கி வந்தது ஒரு ரவுட்டர், வீட்டுக்குள் நெட்டைப் பங்கு வைக்கும் பெட்டி. கெட்டுப்போனதோ ரவுட்டர் இல்லை. சுவரிலிருந்த சின்ன வெள்ளைப் பெட்டியில் எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது. வெளியே போய்ப் பார்த்தால், கம்பத்திலிருந்து வரும் கறுப்பு வயர்மேல் தென்னை மட்டை விழுந்து அதை மடக்கிப் போட்டிருந்தது. லைன்மேன் வந்து ஜாயிண்ட் அடித்ததும் பழைய ரவுட்டரிலேயே எல்லாம் வேலை செய்தது.

நாகர்கோவிலில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடையில் பல வருடம் இருந்தவன் நான். வாரத்துக்கு ஒருவராவது இப்படிக் கெடாத பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகள் நிறைந்த மாவட்டம் இது. நெட் இங்கே பொழுதுபோக்குக்கு மட்டும் உரிய பொருள் இல்லை. அப்படியிருந்தும் வீட்டுக்குள் இருக்கிற பெட்டிகளின் பெயரையும் வேலையையும் யாரும் அந்த வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. எனக்கு அதில் மனவருத்தம் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வேலைதான். அது எதுவென்று தெரிந்துவிட்டால் எங்கே தடங்கல் என்று பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

வெளியிலிருந்து உள்ளே வருவோம். லைன் எங்கே தொடங்குகிறதோ அங்கிருந்து பார்ப்பதுதான் சரி.

நெட் கம்பெனியின் அறையில் ஓஎல்டி என்று ஒரு பெரிய பெட்டி இருக்கும். அதிலிருந்து ஒரு கண்ணாடி இழை, அதாவது ஃபைபர், புறப்படுகிறது. வழியில் ஒரு கம்பத்தில் தொங்கும் சின்னப் பெட்டிக்குள் ஸ்ப்ளிட்டர் இருக்கும். ஒரு இழையில் வரும் ஒளியை அது எட்டாகவோ பதினாறாகவோ முப்பத்திரண்டாகவோ பிரித்து வீடுகளுக்கு அனுப்பும். இதில் எனக்கு இன்றைக்கும் வியப்பு தருவது, அந்த ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம் என்பது. ஓஎல்டிக்கும் உங்கள் வீட்டுச் சுவருக்கும் நடுவே 20 கிலோமீட்டர் தூரம் இருந்தாலும், இடையில் மின்சாரத்தில் ஓடும் கருவி எதுவும் இல்லை.

மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். பட்டணங்கால் வாய்க்காலின் தண்ணீர் பறளியாற்றுக்கு மேலே, 115 அடி உயரத்தில், ஒரு குன்றிலிருந்து இன்னொரு குன்றுக்குப் போகிறது. எந்த மோட்டாரும் அதைத் தள்ளுவதில்லை. தொடங்கும் இடத்தில் இருக்கும் உயரமும் ஒரு சீரான சரிவும் போதும். ஃபைபரும் அப்படித்தான். தொடங்கும் இடத்தில் ஒளிக்கு எவ்வளவு பலம் இருக்கிறதோ அதை வைத்துக்கொண்டே வீடு வரை வந்து சேர வேண்டும். இரண்டாகப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் ஒளி பாதியாகிறது. கோணலாக மடங்கிய இடத்திலும், சரியாக அடிக்காத ஜாயிண்டிலும், அழுக்குப் பிடித்த முனையிலும் இன்னும் கொஞ்சம் கசிந்துபோகிறது. லைன்மேன் கையில் ஒரு சின்ன மீட்டரை வைத்துக்கொண்டு "பவர் மைனஸ் இருபத்திரண்டு இருக்கு, குழப்பமில்ல" என்று சொல்வது இந்தக் கணக்கைத்தான். மைனஸ் இருபத்தேழு, இருபத்தெட்டு என்று இறங்கினால் வீட்டுப் பெட்டியால் அந்த ஒளியைப் படிக்க முடியாது.

தொட்டிப்பாலம் கட்டிய வருடம் 1966. அதே 1966-இல்தான் சார்லஸ் காவோ, தன்னுடன் வேலை செய்த ஜார்ஜ் ஹாக்கமோடு சேர்ந்து, இங்கிலாந்தில் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். கண்ணாடி இழையில் ஒளி தேய்ந்துபோவதற்குக் காரணம் கண்ணாடியின் இயல்பு இல்லை, அதிலுள்ள அழுக்குகள்தான். அவற்றை நீக்கினால் தொலைதூரச் செய்திகளை ஒளியாகவே அனுப்பலாம் என்று அதில் சொன்னார். 2009-இல் அதற்காக அவருக்கு இயற்பியல் நோபல் கிடைத்தது. நம் ஊரில் தண்ணீரைக் குன்று தாண்ட வைத்த வருடத்தில், ஒளியைக் கடல் தாண்ட வைக்கும் யோசனையும் பிறந்திருக்கிறது. தொட்டிப்பாலத்தின் மேல் நிற்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வரும்.

சரி, வயர் வீட்டுக்குள் வந்துவிட்டது. அது நேராகச் செருகப்பட்டிருக்கும் பெட்டி ஓஎன்யு. ஒளியாக வருவதை மின்குறியாக மாற்றுவதும், திரும்பப் போவதை ஒளியாக்கி அனுப்புவதும் அதன் வேலை. அதில் பார்க்க வேண்டிய விளக்குகள் இரண்டு. பான் (PON) என்று எழுதியிருப்பது அசையாமல் பச்சையாக எரிந்தால் லைன் நன்றாக இருக்கிறது. எல்ஓஎஸ் (LOS) சிவப்பாக மினுங்கினால் ஒளியே வந்து சேரவில்லை என்று பொருள். சிவப்பு மினுங்கும்போது வீட்டுக்குள் எந்தப் பெட்டியை மாற்றியும் பலனில்லை. கம்பெனிக்கு விளித்துச் சொல்ல வேண்டியதுதான். சித்திக்கு இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் இரண்டாயிரம் ரூபாய் மிஞ்சியிருக்கும். ஓஎன்யுவில் செருகியிருக்கும் ஃபைபர் வயரின் பச்சை முனையை அடிக்கடி கழற்றிப் பார்ப்பதும் வேண்டாம். உள்ளே ஒளி ஓடும் பாகம் தலைமுடியைவிட மெல்லியது. ஒரு விரல் பட்டாலும் அழுக்காகிவிடும்.

அப்படியானால் மோடம் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? அது டெலிபோன் காலத்துப் பெயர். கம்ப்யூட்டரின் ஒன்றையும் சுழியத்தையும் டெலிபோன் கம்பியில் போகும் ஓசையாக மாற்றவும், வந்த ஓசையைத் திரும்ப ஒன்றும் சுழியமுமாக ஆக்கவும் ஒரு கருவி தேவைப்பட்டது. அந்த இரண்டு வேலைகளுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகளை ஒட்டி வைத்த பெயர்தான் மோடம். 1995 ஆகஸ்ட் 15-இல், அப்போது அரசு நிறுவனமாக இருந்த விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட் தந்தபோது அந்தக் கருவி வழியாகத்தான் தந்தது. இணைப்புக் கிடைப்பதற்கு முன்பு அது போடும் கீச்சும் இரைச்சலும் கேட்டவர்களுக்கு மறக்காது. நெட் ஓடும்போது போன் பேச முடியாது. பிறகு ஒரே செம்புக் கம்பியில் போனும் நெட்டும் சேர்ந்து ஓடும் பிராட்பேண்ட் வந்தது. அதற்கும் மோடம் வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலான வீடுகளில் மோடத்தின் இடத்தில் ஓஎன்யு உட்கார்ந்திருக்கிறது. பெயர் மட்டும் போகவில்லை.

அடுத்தது ரவுட்டர். கம்பெனி உங்கள் வீட்டுக்குத் தருவது ஒரே ஒரு இணைப்பு. வீட்டிலோ மூன்று போன், ஒரு டிவி, ஒரு லேப்டாப். இத்தனைக்கும் உள்ளுக்குள் தனித்தனி எண் கொடுப்பது ரவுட்டர். பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் எண்கள் அவை. வீட்டுக்கு வெளியே அந்த எண்களுக்கு மதிப்பு கிடையாது. உங்கள் போன் ஒரு பக்கத்தைக் கேட்டால், ரவுட்டர் அந்தக் கேள்வியில் உள்எண்ணை எடுத்துவிட்டு வெளிஎண்ணைப் போட்டு அனுப்பும். கேட்டது யார் என்று குறித்து வைத்துக்கொள்ளும். பதில் வந்ததும் குறிப்பைப் பார்த்துச் சரியான ஆளிடம் சேர்க்கும். நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை இது நடக்கிறது.

இப்போது ஓஎன்யுவும் ரவுட்டரும் ஒரே பெட்டிக்குள் சேர்ந்தே வருகின்றன. வசதிதான். ஆனால் ரேஞ்ச் போதவில்லை என்று இன்னொரு ரவுட்டர் வாங்கிச் செருகும்போது குழப்பம் தொடங்குகிறது. வீட்டில் எண் கொடுக்கும் ஆள் இரண்டு பேர் ஆகிவிடுகிறார்கள். இரண்டு பெட்டிகளும் தங்களுக்கே 192.168.1.1 என்ற எண்ணை வைத்துக்கொண்டு நிற்கும். காலையில் நெட் வரும், மத்தியானம் வராது, ஒரு போனில் கிடைக்கும், மற்றதில் கிடைக்காது. இரண்டாவது பெட்டியில் எண் கொடுக்கும் வேலையை நிறுத்திவிட்டு, அதற்கு வேறு ஒரு எண்ணை வைத்து, முதல் பெட்டியிலிருந்து வரும் வயரை அதில் லேன் என்று எழுதிய துளையில் செருகினால் பிரச்சினை தீர்ந்தது. அதற்கப்புறம் அது ரவுட்டர் இல்லை, வயரில் வருவதை வைஃபையாக்கிக் கொடுக்கும் வெறும் அக்சஸ் பாயிண்ட்.

இனி எனக்கு மிகவும் பிடித்த பெட்டி, பல கம்ப்யூட்டர்களை வயரால் ஒன்றோடொன்று இணைக்கும் ஸ்விட்ச். முன்பு இந்த வேலையைச் செய்தது ஹப். பழைய ஹப்பைப் பற்றிச் சொன்னால்தான் ஸ்விட்சின் அருமை தெரியும். எங்கள் கடற்கரை ஊர்களில் கோயில் மைக்கில் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஊர் முழுவதும் கேட்கும். வர வேண்டியவர் ஒருவர்தான். ஹப்பும் இதையேதான் செய்தது. ஒரு துளையில் வந்ததை மற்ற எல்லாத் துளைகளிலும் அப்படியே கொட்டும். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் இரண்டும் மோதிக் கெட்டுப்போகும், இருவரும் திரும்ப அனுப்ப வேண்டும். பத்துக் கம்ப்யூட்டர் சேர்ந்தாலே இழுபறிதான்.

ஸ்விட்ச் ஊரைப் பழகிய தபால்காரர் மாதிரி. நெட்வொர்க்கில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் 48 பிட்டில் ஒரு மேக் எண் உண்டு. எந்த எண்ணிலிருந்து எந்தத் துளை வழியாகச் செய்தி வந்தது என்பதை ஸ்விட்ச் பார்த்துப் பார்த்துத் தானாகவே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளும். அடுத்த முறை அந்த எண்ணுக்கு வரும் செய்தியை அந்தத் துளைக்கு மட்டும் அனுப்பும். முகவரி தெரியாதபோதும், எல்லோரிடமும் கேட்கும் கேள்வி வரும்போதும் மட்டும் எல்லாத் துளைகளுக்கும் அனுப்பும். யாரும் எதையும் எழுதிக் கொடுக்க வேண்டாம். பெட்டியிலிருந்து எடுத்துச் செருகினால் போதும்.

இந்தப் பெட்டியை வைத்து நான் பட்ட பாடு ஒன்று உண்டு. ஒரு பள்ளிக்கூடத்தில் முப்பது கம்ப்யூட்டர் கொண்ட லேப். திங்கட்கிழமை காலையில் போன் வந்தது, ஒன்றிலும் நெட் இல்லை, பிரிண்டரும் வேலை செய்யவில்லை என்று. போய்ப் பார்த்தால் ஸ்விட்சின் எல்லா விளக்குகளும் வெறி பிடித்ததுபோல ஒன்றாக மின்னிக்கொண்டிருந்தன. ஓஎன்யு பச்சை. ரவுட்டரும் நலம். ஒவ்வொரு கம்ப்யூட்டராகக் கழற்றிப் பார்த்தேன், மாற்றமில்லை. மத்தியானம் ஆகிவிட்டது. கடைசியில் ஸ்விட்சின் பின்னால் கையை விட்டு ஒவ்வொரு வயரையும் தடவிக்கொண்டே போனபோது, ஒரு வயர் ஸ்விட்சில் தொடங்கி ஸ்விட்சிலேயே முடிந்தது. சனிக்கிழமை பெருக்கித் துடைத்தவர்கள், கீழே கிடந்த முனை கழன்று விழுந்தது என்று நினைத்து, நல்ல மனதோடு காலித் துளையில் செருகிவிட்டார்கள்.

அப்படிச் செய்தால் என்ன ஆகும்? எல்லோரிடமும் கேட்கும் கேள்வி ஒன்று ஒரு துளை வழியாக வெளியே போய் மறுதுளை வழியாக உள்ளே வரும். புதிதாக வந்ததென்று நினைத்து ஸ்விட்ச் அதை மறுபடி எல்லோருக்கும் அனுப்பும். அது மறுபடி சுற்றி வரும். இந்தச் சுற்றுக்கு முடிவே இல்லை. சில நொடிகளில் வேறு எதற்கும் இடமில்லாமல் போய்விடும். இந்தச் சிக்கலுக்கு 1985-லேயே ராடியா பெர்ல்மன் என்ற அம்மா வழி கண்டார். ஸ்விட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொண்டு, வட்டமாகும் பாதையைத் தாங்களே அடைத்துவிடும் முறை அது. இன்றைக்கும் பெரிய நெட்வொர்க்குகளுக்கு அதுவும் அதன் வழிவந்த முறைகளும் துணை நிற்கின்றன. விலை குறைந்த சின்ன ஸ்விட்சுகள் பலவற்றில் இது இருக்காது. பள்ளிக்கூடத்துக்கு வாங்குகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து, வட்டத்தைத் தடுக்கும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும் என்று நான் கெஞ்சிச் சொல்வேன். ஒரு நாள் வகுப்பு வீணாவது சின்ன நஷ்டம் இல்லை.

வயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்கள் பெட்டிக்குக் காசு கொடுத்துவிட்டு வயரில் மிச்சம் பிடிக்கிறார்கள். இந்தப் பெட்டிகளையும் கம்ப்யூட்டரையும் இணைக்கும் லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. ஒவ்வொரு ஜோடியும் கயிறு திரித்ததுபோல் முறுக்கியிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டு கம்பிகளிலும் ஒரே அளவில் படும், மறுமுனையில் ஒன்றை ஒன்று கழித்துவிடும். அதற்குத்தான் முறுக்கு. முனையில் பிளக்கை வைத்துக் கிரிம்ப் அடிக்கும்போது முறுக்கை நீளமாகப் பிரித்துப் போடாதீர்கள்.

நூறு மெகாபிட் வேகத்துக்கு எட்டில் நான்கு கம்பிகள் போதும். ஆயிரம் மெகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். நூறுக்குத் தேவைப்படாத மற்ற நான்கில் ஒன்று உடைந்தால் பெரும்பாலும் நெட் நின்றுபோகாது, சத்தமில்லாமல் நூறுக்கு இறங்கிவிடும். முன்னூறு மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் காசு கட்டிக்கொண்டு, தொண்ணூற்றைந்துக்கு மேல் வேகம் ஏறாமல் கம்பெனியோடு சண்டை போடுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன். வேகம் சரியாகத் தொண்ணூற்றைந்து பக்கமே நிற்கிறது என்றால் முதலில் வயரைச் சந்தேகப்படுங்கள். மலிவான கேபிள்களில் முழுச் செம்பு இருக்காது, அலுமினியத்தின்மேல் செம்புப் பூச்சு மட்டும் இருக்கும். எளிதில் ஒடியும், தூரம் கூடினால் திணறும். கேபிள் வழியாகவே கரண்ட் வாங்கும் கேமராக்களுக்கு அதைப் போடவே கூடாது.

நல்ல கேபிளுக்கும் எல்லை 100 மீட்டர். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் அண்ணன் தம்பி இருவருக்கும் வீடு. நடுவே 130 மீட்டராவது இருக்கும். மரத்துக்கு மரம் லேன் கேபிளைக் கட்டி இழுத்திருந்தார்கள். வந்தும் வராமலும் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. சித்திரை மாதத்து மழையில் ஒரு சாயங்காலம் இடி இடித்தது, இரண்டு வீட்டு ரவுட்டரும் டிவியும் ஒரே நேரத்தில் போயின. மின்னல் நேராக விழ வேண்டியதில்லை. பக்கத்தில் எங்காவது விழுந்தாலே நீளக் கம்பியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும். ரவுட்டர் துளைக்குள் இருக்கும் காப்பு 1500 வோல்ட் வரைக்கும்தான் தாங்கும்.

அங்கே நாங்கள் போட்டது மீடியா கன்வர்ட்டர். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பெட்டி, வீட்டுக்கு ஒன்றாக இரண்டு. ஒரு பக்கம் லேன் கேபிள், மறு பக்கம் ஃபைபர். நடுவில் ஓடுவது கண்ணாடி என்பதால் தூரமும் பிரச்சினை இல்லை, மின்னலும் அதன் வழியே பாயாது. ஆனால் ஃபைபர் வயரைத் தாங்குவதற்காகச் சிலவற்றில் ஒரு எஃகுக் கம்பி சேர்ந்திருக்கும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே நறுக்கிவிட வேண்டும். இவ்வளவு செய்தாலும் கரண்ட் லைன் வழியாக இடி வரும் வழி திறந்துதான் இருக்கிறது. வானம் கறுத்தால் பிளக்கைப் பிடுங்கி வைக்கும் நம் வீட்டுப் பெரியவர்களின் பழக்கத்துக்கு மிஞ்சின காப்பு இன்னும் வரவில்லை.

அடாப்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிளக் பொருந்துகிறதே என்று ஒன்றின் அடாப்டரை மற்றதில் செருகாதீர்கள். வோல்ட் அதே அளவாக இருக்க வேண்டும், ஆம்பியர் அதே அளவோ கூடுதலோ இருக்கலாம்.

மிச்சமிருப்பது வைஃபை. பழைய வீடுகளின் கனத்த கல் சுவரும், புது வீடுகளின் கான்கிரீட்டும் ரேஞ்சைத் தின்றுவிடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமாகப் போகும், இரண்டு சுவரிலேயே சோர்ந்துவிடும். மாடிக்கு எட்டவில்லை என்றால் பலரும் வாங்குவது ரிப்பீட்டர். அது கேட்டதைத் திரும்பச் சொல்லும் பெட்டி. ஒரே அலைவரிசையில் கேட்கவும் சொல்லவும் செய்வதால் வேகம் பாதியாகும். அதையும் ரேஞ்சே இல்லாத அறையில் கொண்டுபோய் வைக்கிறார்கள். அதற்கே கேட்காததை அது எப்படிச் சொல்லும்? பாதி வழியில் வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், ஒரு நாள் சிரமப்பட்டு மாடிக்குக் கேபிள் இழுத்து அங்கே ஒரு அக்சஸ் பாயிண்ட் வைப்பதுதான் நல்லது. சித்தி வாங்கிய புது ரவுட்டரை வீணாக்க மனமில்லாமல் நான் அப்படித்தான் மாற்றினேன். மாடிப்படி ஓரத்தில் இருந்த ரிப்பீட்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் அதை அக்சஸ் பாயிண்டாக வைத்தேன். இப்போது மாடியில் படிக்கும் பேத்திக்கு நன்றாகக் கிடைக்கிறது.

கிளம்புவதற்கு முன் வெள்ளைத் துணி டேப் வாங்கி, மூன்று பெட்டிகளின் மேலும் தமிழில் எழுதி ஒட்டினேன். "ஒன்று. வெளி வயர் வரும் பெட்டி. சிவப்பு மினுங்கினால் கம்பெனிக்கு விளிக்கவும்." "இரண்டு. நெட்டைப் பங்கு வைக்கும் பெட்டி. ஒன்று பச்சையாக இருந்தும் நெட் இல்லையென்றால் இதை அணைத்துப் போடவும்." "மூன்று. மாடி வைஃபை. மாடியில் மட்டும் இல்லையென்றால் இது." சித்தி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்றையும் இரண்டு தடவை வாசித்தார். சாயா போட்டுத் தந்துவிட்டு மறுபடியும் போய் வாசித்தார்.

போன வாரம் ராத்திரி எட்டு மணிக்குப் போன் வந்தது.

"மக்கா, ஒண்ணுல செவப்பு மினுங்குது. ரெண்டும் மூணும் நல்லா இருக்கு. வெளிய டார்ச் அடிச்சுப் பாத்தேன், வயருக்க மேல சக்கை மரத்துக்க கொம்பு ஒடிஞ்சு கெடக்கு. கம்பெனிக்கு விளிச்சுச் சொல்லியாச்சு, காலையில வருவான். நீ வரண்டாம். அவனுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போட்டுரு, அம்மை இண்ணைக்கு வீடியோல வரமாட்டா, வீட்டுல எல்லாருக்கும் சொகந்தான்னு."